நூறு ரூபாய்க்கு அப்பீல் இல்லை

கோர்ட்டில் எனக்கு விதித்த அபராதத்தை முந்நூறிலிருந்து நூறாகக் குறைக்கும்படி கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சியவன் நான். குறைத்தார்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையில் வெளியே வந்து இரண்டு முட்டை போண்டா வாங்கினேன். ஒன்றை அங்கே நின்ற நாய்க்குப் போடும் அளவுக்குத் தாராளம் வந்திருந்தது. அந்த இருநூறு ரூபாய்தான் என் பதவி உயர்வைத் தின்றது என்பது எனக்கு ஒன்பது மாதம் கழித்துத் தெரிந்தது. நாய்க்கு இன்னும் தெரியாது.

நான் ஒரு கிளை நூலகர். தருமபுரி மாவட்டத்தில், மலையடிவாரத்துத் தாலுகா ஊர் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. ஊரின் பெயர் வேண்டாம். என்னால் அதற்குக் கிடைத்த பெயர் போதும். நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேப்பர் படிக்க வருகிறார்கள், மீதிப் பேர் ஃபேனுக்காக வருகிறார்கள். புத்தகத்துக்காக வருகிறவர் ஒருவர் உண்டு. அவருக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். தருமபுரியில் பெரிய நூலகம் ஒன்றில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது, பணிமூப்புப்படி அது எனக்குத்தான் என்று இரண்டு வருடமாகப் பேச்சு இருந்தது. வீட்டில் என் மனைவி அந்த நாற்காலிக்கு மெத்தையே தைத்து வைத்துவிட்டாள்.

குடியிருப்பது அரூரில். தினமும் பஸ். எங்கள் பக்கம் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் எல்லோரும் அதை மதிக்கிறார்கள். பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரருடையது. அதற்குப் பிறகு அவர் நின்று டீ குடித்துவிட்டுக்கூட ஏறலாம். எனக்குத் துண்டு போடுவது படித்தவன் லட்சணம் இல்லை என்று ஓர் எண்ணம். அதனால் புத்தகம் போடுவேன். அதற்கென்றே ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வைத்திருந்தேன். எழுநூறு பக்கம், கெட்டி அட்டை. நூலகத்தில் அதை யாரும் இரவல் எடுத்ததில்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் போட்டால் குறி தப்பாமல் போய் விழும். இலக்கியத்தின் பயன் பற்றி யாராவது கேட்டால் நான் அந்த நாவலைத்தான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் அரூர் பஸ் வந்தது. நான் புத்தகத்தை எறிந்தேன். அதே நேரம் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு பச்சைத் துண்டு உள்ளே போனது. ஏறிப் பார்த்தால் ஒரே சீட்டில் துண்டு விரிந்திருந்தது, துண்டின் மேல் நாவல் படுத்திருந்தது. துண்டுக்காரர் சித்தேரி மலையில் சாமை விதைக்கிறவர், ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். அரூரில் மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. எனக்கு ஓர் அவசரமும் இல்லை. வீட்டுக்குப் போனால் முருங்கைக்கீரை ஆய வேண்டும், அவ்வளவுதான்.

"சார், நகருங்க. துண்டு கெடக்குதில்ல," என்றார்.

"துண்டு மேல புத்தகம் இருக்குதில்ல?"

"மேல இருந்தா பின்னால வந்துச்சுன்னு அர்த்தம்ங்க. கீழ கெடக்கறதுதான் மொதல்ல வந்தது."

அதில் ஒரு பிழையும் இல்லை. படிக்காதவனாக இருந்திருந்தால் நகர்ந்திருப்பேன். படித்தவன் என்பதால் விளக்கம் சொன்னேன். துண்டு லேசானது, காற்றில் மெதுவாக இறங்கும், புத்தகம் முன்னதாகவே வந்து விழுந்து ஒரு துள்ளு துள்ளியிருக்கும், அந்த நேரத்தில் துண்டு அடியில் புகுந்திருக்கும் என்றேன். பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு குரல், "வாத்தியாரே, அப்ப தண்ணி மேல் பக்கமா ஓடுமா?" என்றது. நான் வாத்தியார் இல்லை என்று திரும்பி அதற்கும் விளக்கம் சொன்னேன்.

"யாராச்சும் ஒருத்தரு உக்காருங்கப்பா, வண்டி எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

மலைக்காரர் புத்தகத்தை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டார். கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. எழுநூறு பக்கமும் விழுந்த சத்தம் கேட்டது. நான் துண்டை இழுத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். பாக்கெட் பேனாவோடு அவர் கைக்குப் போய்விட்டது. நான் கையை ஓங்கினேன். ஓங்கிய கை மேலே இருந்த பிடிகம்பியில் போய் இடித்தது. இடித்த வேகத்தில் நான் போட்ட அலறல்தான் அன்று நடந்தவற்றிலேயே பெரிய வன்முறை. கீழே கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அதைக் கேட்டுத்தான் ஏறி வந்தார். இரண்டு பேரையும் இறக்கினார். பஸ் போய்விட்டது. நாங்கள் அடித்துக்கொண்ட சீட்டில் ஓர் அம்மா முறுக்கைக் கடித்தபடி உட்கார்ந்து போனார். போகும்போது எங்களைப் பார்த்து நன்றி சொல்வதுபோல் தலையாட்டினார்.

பொது இடத்தில் சண்டை போட்டு அமைதியைக் கெடுத்தது என்று இரண்டு பேர் மேலும் சேர்த்து ஒரே கேஸ். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டய்யாவை ரைட்டர் என்பார்கள். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நூலகர் சார்தானுங்களே? எம் பொண்ணு உங்ககிட்டத்தான் புக்கு எடுக்குது. பெட்டி கேஸுதான் சார் இது. கோர்ட்டுல ஒத்துக்கிட்டீங்கன்னா பத்து நிமிசம். இல்லைன்னீங்கன்னா பத்து வாய்தா."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அது நமக்குத் தெரியாதுங்க சார். பத்து நிமிசம்னு மட்டுந்தான் நமக்குத் தெரியும்."

நேர்மையான மனிதர். நான்தான் அந்த நேர்மையைக் கவனிக்கவில்லை. காரணம், எனக்குச் சட்டம் தெரியும். எங்கள் நூலகத்தில் எளிய தமிழில் சட்டம் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பில் குறை இருந்தால் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம் என்று அதன் முதல் அத்தியாயத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. யார் யார் போக முடியாது என்பது கடைசி அத்தியாயத்தில் இருந்தது. புத்தகங்களை முதல் அத்தியாயத்தோடு மூடிவிடுவது என் தொழில் நோய். ஒரு நாளைக்கு இருபது புத்தகத்தை அப்படித்தான் படிக்க முடியும்.

கோர்ட்டு வராந்தாவில் மலைக்காரர் அதே பச்சைத் துண்டோடு நின்றிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அறிவுரை சொன்னேன்.

"இப்ப ஒத்துக்கோங்க. ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம். பின்னாடி தேவைப்பட்டா மேல்கோர்ட்டுல பாத்துக்கலாம்."

"நீங்க மேல்கோர்ட்டுக்குப் போங்க சார். நான் மலைக்குப் போகணும்," என்றார். "நான் ஒத்துக்க மாட்டனுங்க."

"அடிச்சீங்கதானே? என் பாக்கெட்டு எங்க?"

"எந்தப் பாக்கெட்டுங்க?"

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இப்படிப்பட்ட ஆளுக்குப் போய் இரக்கப்பட்டோமே என்று நினைத்துக்கொண்டே கூண்டில் ஏறினேன்.

மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். சட்டம் சொல்கிறபடி ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கேட்டார். குற்றச்சாட்டு புரிகிறதா? ஒப்புக்கொள்கிறீர்களா? யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு என்று தெரியுமா? 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடமாக யாரும் என்னை இப்படி வரிசையாக, மரியாதையாகக் கேள்வி கேட்டதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "எவருடைய தூண்டுதலும் இன்றி, எந்த நிர்ப்பந்தமும் இன்றி, விளைவுகளை முற்றிலும் உணர்ந்து, தெளிந்த மனத்தோடு, அன்றைய நிகழ்வுக்கு நானும் பொறுப்பு என்பதை இந்த மன்றத்தின் முன்..." டவாலி நின்ற இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார். அம்மா மட்டும் ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்யச் சொன்னார். அபராதம் முந்நூறு என்றார். என் சம்பளம், மகளின் படிப்பு, என் ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். ரத்த அழுத்தத்தில் அவர் கொஞ்சம் இளகினார் என்று நினைக்கிறேன். நூறாயிற்று. பிறகு போண்டா.

மலைக்காரர் குற்றத்தை மறுத்ததால் அவருடைய கேஸ் தனியாக நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா மலையிலிருந்து இறங்கி வந்தார். கோர்ட்டு முடிந்ததும் நேராக என் நூலகத்துக்கு வருவார். சமாதானத்துக்காக இல்லை, ஃபேனுக்காக. பானையில் மோந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பேப்பர் மேஜையில் துண்டைப் போட்டு இடம் பிடித்து உட்காருவார்.

"இன்னிக்கு என்னாச்சு?" என்பேன்.

"ஜட்ஜம்மா லீவுங்க."

"போன தடவை?"

"சாட்சி வரலீங்க."

"நூறு ரூவாயில முடிஞ்சிருக்கும். நீங்க பஸ்ஸுக்குக் குடுத்ததே அதுக்கு மேல போயிருக்குமே. எதுக்கு இந்த வீம்பு?"

"அது வேற விசயங்க," என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். போன மாதத்துப் பேப்பரை எடுத்துக் கொடுத்து, புதுப் பேப்பர் என்று சொல்வேன். சின்னப் பழிவாங்கல்தான். என்னால் முடிந்தது அது.

ஒன்பதாவது மாதம் ஒரே வாரத்தில் இரண்டு செய்தி வந்தது. ஒன்று, மலைக்காரருக்கு விடுதலை. இன்னொன்று, பதவி உயர்வுப் பட்டியலுக்கான படிவம். அதில் பதினோராவது கேள்வி: 'குற்ற வழக்கு எதிலேனும் தண்டனை பெற்றதுண்டா? ஆம் எனில் விவரம் தருக.' விவரம் தருவதற்கு ஒன்றரை அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.

மலைக்காரருக்கு வாதாடியவர் இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல். தினமும் காலையில் எங்கள் நூலகத்தில்தான் பேப்பர் படிப்பார். மறுநாள் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எப்படிங்க அவருக்கு விடுதலை ஆச்சு?"

"கண்டக்டர் சாட்சி சார். 'சண்டையால பொதுமக்கள் அமைதி கெட்டுச்சா'ன்னு கேட்டேன். 'அமைதிங்களா? எல்லாரும் சந்தோசமா பாத்துக்கிட்டிருந்தாங்க சார், ஒருத்தர் செல்போன்ல படம் புடிச்சாரு'ன்னாரு. 'இந்த மாதிரி தெனமும் நடக்குமா'ன்னேன். 'தெனமும் மூணு'ன்னாரு. அப்பறம் எங்கிருந்து கேஸு நிக்கும்?"

"அப்ப சண்டையே நடக்கலைன்னு தீர்ப்பா?"

"சண்டைன்னு நிரூபிக்கலைன்னு தீர்ப்பு."

"அப்படின்னா நான் யார்கூட சண்டை போட்டேன்?"

வக்கீல் பேப்பரை மடித்து வைத்தார். "அதத்தான் சார் நானும் யோசிச்சேன். இந்தக் குத்தத்துக்குக் கொறஞ்சது ரெண்டு ஆளு வேணும். இப்ப ரெக்கார்டுப்படி நீங்க மட்டும் தனியா போட்டிருக்கீங்க."

அப்பீல் போட வேண்டும் என்றேன். அவர் தீர்ப்பு நகல் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் ஒரு ரசனை வந்தது. என் வார்த்தைகளை யாரும் அப்படி ரசித்துப் படித்ததில்லை.

"சார், குத்தத்த ஒத்துக்கிட்டவருக்கு அப்பீல் கெடையாது. அது ஒரு பிரிவு. 'நான் அடிக்கலை'ன்னு நீங்க இனிமே எந்த மேல்கோர்ட்டுலயும் உரிமையா கேக்க முடியாது. வேணும்னா தண்டனை ஜாஸ்தி, தண்டனை சட்டப்படி தப்புன்னு மட்டும் அப்பீல் போகலாம்."

"அதையே போடுங்க. தண்டனை ஜாஸ்திதான். பதவி உயர்வே போகுது."

"போட்டிருக்கலாம். ஆனா மாஜிஸ்திரேட் நூறு ரூவாய்க்கு மேல போகாம வெறும் ஃபைன் மட்டும் போட்டா, அது சில்லறைக் கேஸு, அதுக்கு அப்பீலே கெடையாதுன்னு அதுக்கு அடுத்த பிரிவு. உங்க ஃபைன் எவ்வளவு சார்?"

நகலின் கடைசி வரியை விரலால் மறைத்தேன்.

"மொதல்ல முந்நூறுன்னுதான் போட்டாங்க," என்றேன்.

"அத ஏன் சார் கொறச்சீங்க?"

சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். ஒன்று என் வாயால் மூடியது. மற்றொன்று நான் பேரம் பேசியதால் மூடியது. கத்தரிக்காய்க் கடையில்கூட நான் விலை குறைத்துக் கேட்டவன் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேரம் பேசி ஜெயித்தேன். அதுவும் கோர்ட்டில்.

"சொல்லிக்கொடுத்து ஒத்துக்க வெச்சாங்க, விவரம் புரியாம ஒத்துக்கிட்டேன்னு சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அவர் நகலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். 'எவருடைய தூண்டுதலும் இன்றி' என்று என் குரலிலேயே அது ஆரம்பித்தது. "இந்த அளவுக்கு ஓட்டை இல்லாத ஒப்புதல எந்த வக்கீலும் எழுதித் தர முடியாதுங்க சார்."

"வேற வழியே இல்லையா?"

"வாசக்கதவு பூட்டு. ரிவிஷன்னு ஒரு ஜன்னல் இருக்குது. மேல்கோர்ட்டு, கீழ்க்கோர்ட்டு தப்புப் பண்ணிச்சான்னு மட்டும் எட்டிப் பாக்கும். அவங்க இஷ்டந்தான், உங்க உரிமை இல்ல. நாளும் கடந்துபோச்சு, அதுக்கு ஒரு மன்னிப்பு மனு வேற போடணும். இருந்தாலும் ஜன்னல் வழியா எறியறது உங்களுக்குப் பழக்கந்தானே."

வீட்டில் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருசமா இந்த வூட்டுல ஒரு நாளாச்சும் 'தப்பு என் மேலதான்'னு சொல்லியிருக்கீங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"பால் பொங்குனா அடுப்பு தப்பு. பஸ்ஸ விட்டா டிரைவர் தப்பு. மொத மொறையா ஒத்துக்கிட்டீங்க. அதுவும் செய்யாததுக்கு. அதுவும் அப்பீல் இல்லாத எடத்துல." மெத்தையை எடுத்து அவள் பரண்மேல் வைத்தாள். அந்தத் தீர்ப்புக்கு ரிவிஷன்கூடக் கிடையாது.

இருந்தாலும் ஜன்னல் வழியாக எறிந்தேன். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் விடுதலையான பிறகு இன்னொருவர் மட்டும் எப்படிச் சண்டைக்காரர் ஆவார் என்பது எங்கள் வாதம். நல்ல வாதம்தான். தருமபுரிக்கு நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், எதையும் எறிகிற தைரியம் இல்லை. கடைசியில் மனு தள்ளுபடி. மற்றவருக்கு விடுதலை கிடைத்தது சாட்சி போதாமல். அதனால் இவர் தாமாகச் சொன்னது பொய்யாகிவிடாது என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள். இன்னொரு வரியும் இருந்தது. 'மனுதாரர் கற்றறிந்தவர், நூலகராகப் பணிபுரிபவர், விளைவுகளை அறியாமல் ஒப்புக்கொண்டார் என்று கருத இடமில்லை.' இத்தனை வருட வாசிப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துபூர்வமான அங்கீகாரம் இதுதான். சட்டகம் போட்டு மாட்டலாம் என்று பார்த்தேன், மனைவி ஆணி தர மறுத்துவிட்டாள்.

பதினோராவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். விவரம்: பொது இடத்தில் சண்டை. ஒன்றரை அங்குலத்தில் இன்னும் இடம் இருந்ததால், 'எதிராளி விடுதலை' என்றும் சேர்த்தேன். அது எனக்குச் சாதகமாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பஸ்ஸில் வருகிறவர் இல்லை, பைக் வைத்திருக்கிறார். மோட்டார் வாகனம் மனிதனை ஒழுக்கமாக வைத்திருக்கிறது.

பட்டியல் வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அரூர் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். "சார், இங்க வாங்க," என்று ஒரு குரல். மலைக்காரர். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் அவர் இருந்தார், பக்கத்தில் பச்சைத் துண்டு கிடந்தது. துண்டை எடுத்துத் தட்டிவிட்டு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே ஆரம்பித்து, படிவம், பட்டியல், நாற்காலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சாட்சிக்கு வந்திருப்பனேங்க. உங்க கை என் மேல படவே இல்லையே. கம்பியிலதான பட்டுச்சு."

"அப்ப என் பாக்கெட்ட கிழிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க, நான்தான்," என்றார். விடுதலையான மனிதருக்கு உண்மை பேசுவதில் என்ன கஷ்டம். "பேனா வூட்டுலதான் இருக்குது. நல்லா எழுதுது."

"அப்பறம் ஏன் மாசா மாசம் மலையிலேர்ந்து எறங்கி வந்து அப்படி மறுத்தீங்க? வேற விசயம், வேற விசயம்னீங்களே, என்ன அது?"

அவர் முன்னாலும் பின்னாலும் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களோட சண்ட போட்டேன்னு நான் ஒத்துக்கிட்டிருந்தா, அப்பறம் எங்க ஊர்ல என்னை எவன் மதிப்பான்?"